ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வரும் கல்

எங்கள் அக்கா ராத்தாவின் கணவரிடம் யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "இது எப்பத்தையச் செய்தி?"

வயலுக்குள் யானை இறங்கிவிட்டது என்று ஒருவன் ஓடிவந்து மூச்சு வாங்குவான். வாப்பா துவக்கைத் தேடுவார். மச்சான் மட்டும் ஓடிவந்தவனை உட்கார வைத்து, யானையை எத்தனை மணிக்குக் கண்டாய், அங்கேயிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று விசாரிப்பார். "அப்ப நீ கண்ட யானை இப்ப அந்த இடத்தில இல்ல" என்பார். அது உண்மைதான். அதற்குள் யானை பக்கத்து வயலையும் முடித்திருக்கும்.

ஒரு முறை நோன்பு இருபத்தொன்பதில் ஊரே கடற்கரையில் நின்று பார்த்தும் பிறை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, வானொலியில் பிறை சொல்லிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் கத்தினாள். நாங்கள் எல்லாரும் துள்ளி எழும்பினோம். மச்சான் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப கண்ட பிறையாம்?" என்றார்.

"போன வருசத்துப் பிறையாக்கும்! எழும்பிப் போய் இறைச்சிக்கடையில நில்லுங்க" என்றாள் ராத்தா.

ராத்தாவின் வாய்க்கு யாரும் தப்ப முடியாது. ஆனால் மச்சான் கோபிக்க மாட்டார். பையை எடுத்துக்கொண்டு இறைச்சிக்கடைக்குப் போய்விடுவார். போகும்போதும் யாரிடமாவது அதே கேள்வியைக் கேட்பார்.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். முன்வீட்டை ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்பக்கமாக எனக்கென்று வாப்பா இன்னொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே மச்சான் என் பதினான்கு வயதிலிருந்து நான் தினமும் கண்ட மனிதர். அவரை நான் மச்சான் என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். இங்கேயும் அது போதும்.

அந்தக் கேள்வி அவருக்கு மன்னாரில் பிடித்த வியாதி. எழுபதுகளில் மன்னார்த் தீவில் எண்ணெய் தேடி நிலத்தைத் துளைத்தார்கள். கருவாடு வாங்கப் போன இவர், அந்த இரும்புக் கோபுரத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்று, அங்கேயே கூலிக்குச் சேர்ந்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது கல் கழுவும் வேலை. நிலத்துக்குக் கீழே துளைக்கிற இரும்புப் பல் கல்லை நொறுக்கும். மேலிருந்து குழாய் வழியாகக் கெட்டியான சேற்றை அடித்து அனுப்புவார்கள். அந்தச் சேறு நொறுங்கிய கல்லை அள்ளிக்கொண்டு மேலே திரும்பி வந்து, ஆடுகிற ஒரு பெரிய சல்லடையில் விழும். மச்சான் அந்தச் சல்லடையடியில் நின்று கற்பொடியை அள்ளி, கழுவி, காய வைத்து, சின்னத் துணிப்பைகளில் போட்டு, எத்தனை அடி ஆழத்துக் கல் என்று எழுதிக் கட்ட வேண்டும். படித்த பெரிய ஆட்கள் அந்தப் பைகளைப் பார்த்துத்தான் கீழே என்ன இருக்கிறது என்று சொல்வார்களாம்.

"இதுல ஒரு சூட்சுமம் இரிக்கி" என்று அவர் சொல்லத் தொடங்கினால் ராத்தா அடுப்படிக்குப் போய்விடுவாள். நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். "இப்ப என்ட கையில இரிக்கிற கல்லு இப்ப வெட்டின கல்லு இல்ல. அது ஆழத்தில இருந்து மேல வர ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும். நான் மணற்கல்லப் பார்த்துக்கொண்டு நிக்கக்க, கீழ பல்லு வேற எந்தக் கல்லுக்குள்ள போயிட்டோ ஆருக்குத் தெரியும்? அந்தக் கணக்கப் பிழையா எழுதினா எல்லாம் பிழை."

மன்னாரில் எண்ணெய் கிடைக்கவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில், சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது, யாராவது மச்சானைச் சீண்டுவார்கள். நிலத்துக்கடியில் எண்ணெய் ஆறாக ஓடுமா, குளமாக நிற்குமா என்று கேட்பார்கள். ஆறும் இல்லை, குளமும் இல்லை என்பார் மச்சான். புட்டுக்குள் தேங்காய்ப்பால் ஊறி நிற்பது போல அது கல்லுக்குள் ஊறி நிற்குமாம். அதற்கு மேலே ஒரு சொட்டும் விடாத இறுக்கமான கல் ஒன்று மூடிக்கொண்டு கிடக்க வேண்டுமாம். அந்த மூடி இல்லாவிட்டால் இருந்த எண்ணெயும் எப்போதோ கசிந்து போயிருக்கும் என்பார். அப்படியானால் எங்கள் ஊருக்குக் கீழே இருக்கிறதா என்று அடுத்த கேள்வி வரும்.

"தெரியா. கல்லு மேல வந்தாத்தான் சொல்லலாம்."

ஒரு வருடம் எங்கள் தெருக்கோடியில் ஒரு முதலாளி குழாய்க்கிணறு அடித்தார். வந்த தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. அவ்வளவுதான், ஊர் எழும்பிவிட்டது. பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்தும் போத்தல்களோடு ஆட்கள் வந்தார்கள். மச்சானைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஒரு ஈர்க்குச்சியால் படலத்தைக் கீறிப் பார்த்தார். மணந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வளவு மூலையில் ஓலைப்பெட்டியால் மூடி வைத்தார். இரண்டு நாள் அதைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். அதற்குள் முதலாளி இரண்டு ஆடுகளை அறுத்துக் கந்தூரி கொடுத்துவிட்டார். காணிக்குச் சுற்றிக் கம்பி வேலியும் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மச்சான் போய், "இது இரும்புக் கறள், துரு. எண்ணெய் எண்டா கீறினாலும் திரும்பி ஒட்டும். இது முட்டைக் கோது மாதிரி உடையுது" என்றார். முதலாளி அதன்பிறகு ஒரு வருடம் மச்சானோடு கதைக்கவில்லை. ஊர்ப் பெடியன்கள் முதலாளியை ஷேக் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், பாவம்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று ராத்தா கேட்டாள்.

"முதல் நாளே தெரியும்."

"அப்ப முதல் நாளே வாயத் திறந்து சொன்னா என்ன? அந்த ஆடு ரெண்டும் உசிரோட இரிக்குமே."

"முதல் நாள் தெரிஞ்சது ஒரு குச்சியால பார்த்தது மட்டும்தான். மறுகாப் பார்த்துச் சொல்லணும்."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ராத்தா அந்தக் கேள்வியை அன்றைக்கு இன்னும் இரண்டு தரம் கேட்டிருக்க வேண்டும். நானாவது கேட்டிருக்க வேண்டும்.

எண்பதுகள் தொடங்கியபோது ஊரில் பாதி ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். மச்சானும் போனார். ஓர் அரபு நாட்டில், பாலைவனத்துக்கு நடுவில், மன்னாரில் பார்த்த அதே வேலை. இரண்டாம் வருடம் எனக்குக் கல்யாணம் முடிந்தது. என் கணவர் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், ஆனால் கையில் தொழில் இல்லை. ஏழு மாதம் ஒன்றாக இருந்தோம். மச்சான் விசா அனுப்பினார், அவரும் போனார். அங்கே முதலில் அவருக்குக் கிடைத்தது சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை.

பிறகு ஒரு நாள் இரும்புக் குழாய் ஒன்று விழுந்து மச்சானின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கி இல்லாமல் போயின. அவரை ஊருக்கு அனுப்பினார்கள். வருவதற்கு முதல் அவர் செய்த காரியம், வேலைத்தலைவனிடம் போய், "என்ட தம்பிக்கு நல்ல கையெழுத்து, சல்லடையில அவர நிப்பாட்டுங்க" என்று கேட்டது. வந்த அன்றே என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னார். நான் ராத்தாவுக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு முட்டை கூடப் பொரித்து வைத்தேன். என் கணவர் சட்டி கழுவுவதிலிருந்து தப்பிவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் கணவரின் கடிதங்களில் கல்லைப் பற்றித்தான் பாதி இருக்கும். அவர்கள் துளைத்துக்கொண்டு போனது ஒரு சுண்ணாம்புக்கல்லைத் தேடி. அதற்குள்தான் எண்ணெயும் கேஸும் இருக்கிறதாம். அதற்கு மேலே கிடக்கிற மூடிக்கல் இன்னும் வரவில்லை, வந்துவிட்டால் பத்து அடிக்கு ஒரு பை இல்லை, மூன்று அடிக்கு ஒரு பை கட்ட வேண்டும் என்று எழுதுவார். நான் கடிதத்தை மச்சானிடம் கொடுப்பேன். எனக்கு மட்டும் எழுதிய பக்கத்தை உருவி வைத்துக்கொண்டுதான் கொடுப்பேன். அவர் வாசித்துவிட்டு முற்றத்து மணலில் விரலால் கோடுகள் கீறி, "இப்ப இந்த இடத்தில நிக்கிறாங்க. இல்ல, இது மூணு கிழமைக்கு முந்தின கடிதம். இப்ப இன்னும் கீழ" என்று இன்னொரு கோடு போடுவார்.

பிறகு கடிதம் குறைந்தது. பிறகு நின்றது.

நான் உடனே பயந்துவிடவில்லை. தபால் பிந்துவது ஊருக்கே பழக்கம். அதோடு, அந்த நேரத்தில்தான் வேறு கம்பனியில் வேலை பார்த்த சம்மாந்துறை ஆள் ஒருவர் லீவில் வந்து என் கணவர் முன்பு கொடுத்துவிட்ட கெசட்டைத் தந்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். வளவே கூடியிருந்து கேட்டது. சலாம் சொல்லி, ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டுச் சுகம் விசாரித்து, கடைசியில் என்னைக் கூப்பிட்டு இருமுகிற மாதிரிச் சிரித்தார். உம்மா வெட்கப்பட்டு எழும்பிப் போனா. மச்சான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இது எப்ப பதிஞ்சது?" என்று கேட்டார்.

"கேக்காட்டி உங்களுக்குச் சோறு செமிக்காதே!" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெசட்டின் மேலே எழுதியிருந்த திகதியைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த மாதமும் கடிதம் இல்லை. ஒரு நாள் நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "மச்சான், உங்களுக்குக் கூட்டாளிமார் எழுதுறாங்கதானே. அவர் சுகமா இரிக்காரா?"

"எனக்கு வந்த கடிதம் ஒரு மாசத்துக்கு முந்தினது, புள்ள" என்றார்.

அது பொய் இல்லை. அந்த மனிதர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. நான்தான் அவருடைய பழைய பல்லவி என்று நினைத்துக்கொண்டு, உங்களோடு கதைக்க வந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டு போனேன்.

அந்த நாட்களில் நான் வீட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். மாமி மகளின் கல்யாணத்துக்குச் சட்டைகள் எல்லாம் நான்தான் தைத்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வாசலுக்கு வந்தபோது முதலில் குரவை போட்டதும் நான்தான். என் குரவைச் சத்தம் கடற்கரைக்குக் கேட்டது என்று பெண்கள் கேலி செய்தார்கள். சுருமா போட்டிருந்தேன், தலை நிறையப் பூ வைத்திருந்தேன். அதை எல்லாம் இங்கே எழுதுவதற்கு எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உம்மாவும் ராத்தாவும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ராத்தாவின் முகம் வீங்கியிருந்தது. மச்சான் வாசலில் நின்றபடி சொன்னார்.

"தம்பி மௌத்தாகிட்டார், புள்ள. கல்லுக்குள்ள இருந்து வந்த கேஸ் பட்டு. அங்கயே ஜனாஸா அடக்கிட்டாங்க."

நான் துருவிக்கொண்டே இருந்தேன். கை நிற்கவில்லை. பிறகு, அவர் எல்லாரிடமும் கேட்கிற அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தது. "எப்ப?"

"இண்டைக்கு நாலு மாசமும் பதினொரு நாளும்."

உம்மா என் தோளைப் பிடித்தா. எங்களில் கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, வீட்டைவிட்டு வெளியே போகாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்தை மௌத்தான நாளிலிருந்து எண்ணுவார்கள், செய்தி வந்த நாளிலிருந்து இல்லை.

"பள்ளி லெப்பையிட்டயும் கேட்டுட்டன்" என்றார் மச்சான். "இத்தா நேத்தோட முடிஞ்சிட்டு. நீ அறைக்குள்ள அடைபட்டுக் கிடக்கத் தேவையில்ல."

அவர் அதை எனக்குச் செய்த உபகாரமாகச் சொன்னார். அவருடைய குரலில் அது இருந்தது. நாள் எண்ணி, கணக்குப் பார்த்து, ஒரு நாள் கூட்டியும் வைத்து, எனக்கு இருட்டறையை மிச்சப்படுத்தித் தந்திருக்கிறார்! ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் அன்று காலையில்தான் சொன்னாராம். விபத்து நடந்த மூன்றாம் கிழமை அவருக்கு முதல் கடிதம் வந்திருக்கிறது. கேஸ் பட்டு மூன்று பேர் ஆஸ்பத்திரியில், தம்பி கண் முழிக்கவில்லை என்று. இரண்டரை மாதத்தில் மற்றக் கடிதம் வந்திருக்கிறது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பயணத்தை ஒழுங்குசெய்த ஏஜென்சிக்காரன் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டதால் எங்கள் வீட்டுக்கு வேறு எந்தத் தகவலும் வரவில்லை. அத்தனை நாளும் அது அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது. அவர் எங்களோடு இருந்து சோறு சாப்பிட்டார்.

நான் எழும்பி, கை கழுவி, வெள்ளைச் சீலை எடுத்து உடுத்துக்கொண்டு பின்வீட்டு அறைக்குள் போனேன். இன்றைக்கிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் என்றேன்.

லெப்பையைக் கூட்டி வந்தார்கள். அவர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பொறுமையாகத்தான் சொன்னார். "மகள், காலம் முடிஞ்சிட்டு. இப்ப நீங்க இரிக்கிறது இத்தா இல்ல. இது வெறும் கோவம்."

"கோவம் எண்டாலும் இரிப்பன்" என்றேன்.

இருந்தேன். என் கணவர் மண்ணுக்குள் போய்க் கிடந்த நாட்களை ஒவ்வொன்றாக எண்ணி, அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். இன்ன நாள் படம் பார்க்கக் கூப்பிட்டார்கள், இன்ன நாள் ராத்தாவோடு சண்டை பிடித்தேன், இன்ன நாள் குரவை போட்டேன். அழுவதற்கு அந்த நாட்கள் எனக்கு வேண்டும். என் துக்கத்தை எனக்குத் தெரியாமல் இன்னொருவர் இருந்து முடித்துவிட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்தது. மச்சானை நான் அப்போது வெறுத்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். அசர் தொழுகை முடிந்த நேரம், அவர் திரைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். ராத்தாவும் கூட இருந்தாள். அவர் கல்லைப் பற்றித் தொடங்கினார். எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது.

"அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள ஒரு கேஸ் இரிக்கி, புள்ள. கொஞ்சமா வந்தா அழுகின முட்டை மாதிரி மணக்கும். கூட வந்தா மணக்காது. மூக்கு செத்துப் போயிடும். மணம் போயிட்டு, இனிப் பயமில்ல எண்டு நினைக்கிறவன்தான் விழுவான். மணம் நிண்டா ஓடணும். சல்லடையில நிக்கிற ஆளுக்கு இது முதல்ல தெரிஞ்சிரிக்கணும்."

ராத்தா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"எனக்கு இது தெரியும். நான் தம்பிக்குச் சொல்லல்ல. இப்ப சொன்னா மறந்துபோவார், அந்த மூடிக்கல்லு வரட்டும், வந்துட்டு எண்டு அவர் எழுதட்டும், அப்ப எழுதுவம் எண்டு இருந்தன். மூடிக்கல்லு வந்துட்டு எண்டு தம்பி எனக்குத் தனியா எழுதின கடிதம் கிடைக்கக்க, அவர் மௌத்தாகி ரெண்டு நாள். நான் அது தெரியாம அண்டைக்கே இருந்து எழுதினன். கேஸைப் பத்தி எல்லாம் எழுதினன். தபால்ல போட்டன்."

கல் மேலே வர ஒன்றரை மணித்தியாலம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், கடிதம் வர மூன்று கிழமை, போக மூன்று கிழமை என்ற கணக்கை விட்டுவிட்டார்.

"நான் பிந்தினதச் சொல்லாம மௌத்த எப்பிடிச் சொல்ற? இதச் சொன்னா அதையும் நீ கேப்பாய். அதுதான் எனக்கு வாய் வரல்ல" என்றார். இத்தாவை மிச்சப்படுத்தியது எல்லாம் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்றும் அவரே சொன்னார். அவர் எழும்பிப் போகிற சத்தம் கேட்டது.

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்து நான் வெளியே வந்தேன். மச்சானோடு கதைக்கவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு, ஆறு வருடம். அவர் கிணற்றடியில் நின்றால் நான் போக மாட்டேன். அவரும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆனால் அவர் மாறிவிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்பத்தையச் செய்தி என்று அவர் கேட்பது நின்றுவிட்டது. எந்தச் செய்தி காதில் விழுந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு உரிய வீட்டுக்குப் பறப்பார். ஒரு நிமிடம் வைத்திருக்க மாட்டார். அதற்கு ஏற்ற காலமும் வந்தது. எண்பதுகளின் பின்பாதியில், யுத்தம் மூண்ட எங்கள் ஊர்களில் செய்திக்குப் பஞ்சமில்லை. காலையில் போன ஆள் மாலையில் வருவாரா என்று தெரியாது. சந்தையில் ஒன்று சொல்வார்கள், பஸ் ஸ்டாண்டில் வேறொன்று சொல்வார்கள். அவருடைய சைக்கிள் தெருவுக்குள் திரும்பினால் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். யார் வாசலில் நிற்கும் என்ற பயம்.

பாண்டிருப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற ஒரு தமிழ் அக்கா இருந்தா. அவவின் மகனைச் சுட்டுப்போட்டார்கள் என்று சந்தையில் யாரோ சொன்னதைக் கேட்டு, மச்சான் நேரே அவவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அந்த மனுசி நின்ற இடத்திலேயே விழுந்தா. பந்தல் போட்டார்கள், பறை மேளத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் மகன் நடந்து வந்தான். திருக்கோவிலில் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தானாம். பிள்ளை வந்தும் அந்த அக்காவின் ஒரு பக்கம் திரும்பவில்லை. கையும் காலும் இழுத்தது இழுத்ததுதான். அவ பிறகு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரவில்லை.

மச்சான் அன்றைக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார். ராத்தா சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. நான் என் வீட்டிலிருந்து பார்த்தேன். செய்தியை வைத்திருந்தாலும் கொல்கிறார், வைத்திராவிட்டாலும் கொல்கிறார் என்று நினைத்தேன். கோபமாகத்தான் நினைத்தேன். ஆனால் கால் தானாக நடந்து அவருக்கு முன்னால் போய் நின்றது.

"மச்சான், இனி என்ன கேள்விப்பட்டாலும் முதல்ல எனக்கிட்டச் சொல்லுங்க. விசாரிச்சு, உண்மையெண்டா நான் போய்ச் சொல்றன். நீங்க ஒரு ஊட்டுக்கும் போக வேணாம்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஓம்" என்றார்.

நான் அதைச் சரியாகச் செய்வேன் என்று எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. செய்தியை மறைப்பது என்ன பாவம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முதல் செய்தி இரண்டு கிழமையில் வந்தது. எங்கள் அடுத்த தெருவில் ஒரு பெண், என் வயதுதான், என்னிடம் சட்டை தைக்கிறவள். அவளுடைய கணவர் உழவு மிசினோடு வயலுக்குப் போனவர், இரண்டு நாளாகத் திரும்பவில்லை. மச்சான் கேள்விப்பட்டதை என்னிடம் சொன்னார். நான் வாப்பாவை அனுப்பி விசாரித்தேன். வாப்பா ஆஸ்பத்திரியில் ஜனாஸாவைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தார். நான் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உடனே போனேன்.

அவள் முற்றத்தில் பாய் விரித்து நெல் காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா புள்ள. இவரு நேத்தே வருவன் எண்டாரு, மிசின் பழுதாப் போச்சாக்கும். இரி, தேத்தண்ணி ஊத்துறன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தாள். மகளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். அந்தப் பல்லைத் தன் வாப்பா வந்த பிறகுதான் கூரைக்கு எறிவேன் என்று பிள்ளை கையில் வைத்துக்கொண்டு திரிகிறதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கோப்பையின் அடி தெரியும்வரை குடித்தேன். அவளும் குடித்து முடித்தாள். பிறகு அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

திரும்பி வரும்போது மச்சான் எங்கள் வாசலில் நின்றார்.

"சொல்லிட்டியா?"

"ஓம்."

"போன உடனேயா?"

அவரிடம் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வருடமாக நான் மனதுக்குள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதானே.

"இல்ல, மச்சான். அவ தேத்தண்ணி ஊத்தினா. அதக் குடிச்சு முடியுமட்டும் எனக்கு வாய் வரல்ல. அவவோட இருந்து சிரிச்சன்."

அவர் அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து, இரண்டு விரல் இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய சத்தமாக, தெருவுக்குக் கேட்கும்படி அழுதார். அவரை மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அவர் மௌத்தாகும்வரை சொல்லவில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணியும் நாலு மாதமும் ஒன்றல்ல. ஆனால் அன்றைக்கு நான் வீட்டுக்குள் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, நானும் அழுதேன்.